ஆடாமல் வைத்திருந்த கை

திருப்பதியில் அளந்தால் நூற்று அறுபதுக்கு நூறு. நகரியில் அளந்தால் நூற்று இருபத்து நாலுக்கு எண்பது. இரண்டு ஊருக்கும் இடையே பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கை என்னவோ ஒன்றுதான், என்னுடைய இடது கை. இதில் எது என் ரத்த அழுத்தம் என்று தெரியாமல் ஏறக்குறைய இரண்டு மாதம் திண்டாடினேன்.

உங்களில் யாராவது இதே குழப்பத்தோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தெளிவு தருவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். உங்களைப் போல இன்னொருவனும் திருதிருவென்று முழித்திருக்கிறான் என்று தெரிந்தால் கொஞ்சம் தெம்பாக இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் நோயாளி நான் இல்லை, என் மனைவி கஸ்தூரி. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதால் வீங்குகிறது என்று நாங்களே முடிவு செய்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிறகு சாப்பாடு பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளினாள். சித்தூரில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, ரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்) ஏகத்துக்கு ஏறியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார். அவள் அந்த அறையில் அழவில்லை. வெளியே வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

அதிலிருந்து வாரம் இரண்டு நாள் திருப்பதியில் டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரம் வழியாகச் சுத்தம் செய்வது). குடிக்கும் நீர் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால், அதில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் அளவு உண்டு. கஸ்தூரிக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். காபி, பருப்புத் தண்ணீர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைப்பது என் வேலை. நகரி வெயிலில் முக்கால் லிட்டர் என்றால் என்னவென்று, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் இந்தப் பாடு தீரும் என்றார்கள். எங்கள் மகள் திருத்தணியில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். கஸ்தூரியின் அண்ணனுக்குச் சர்க்கரை. ரத்தப் பிரிவு பொருந்தி, உடம்பும் ஒத்துவரக்கூடிய ஆள் என்று மிஞ்சியவன் நான் ஒருவன்தான். கொடுக்கிறேன் என்று சொன்னேன். பெரிதாக யோசித்துச் சொன்னதாக நினைக்க வேண்டாம். டாக்டர் கேட்டார், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், வேறு என்ன சொல்ல முடியும்?

பரிசோதனைகள் ஒவ்வொன்றாக நடந்தன. கடைசியில் ஒரு நர்ஸ் என் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு, "ஒன் சிக்ஸ்டி பை ஹண்ட்ரட்" என்றார். மறுபடி அடித்தார். அதே எண். ரத்த அழுத்தம் உள்ளவர் ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் ஒன்றும் கெட்டுப்போகலாம், அதனால் இது உண்மையா என்று உறுதி செய்யாமல் மேலே போக முடியாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த எண்ணைக் கேட்டதும் எனக்குள் ஏதோ லேசானது. நிம்மதிதான் அது. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், பழி என் மேல் வராது, எண் மேல் போய்விடும். அடுத்த நிமிடம் பக்கத்தில் இருந்தவளின் வீங்கிய முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வெட்கம் என் வாழ்நாளில் வந்ததில்லை.

நகரியில் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் சரியாக இருந்தது. இப்போது சந்தோஷப்பட வேண்டும், இல்லையா? என்னால் முடியவில்லை. ஏறினால் வெட்கம், இறங்கினால் பயம். எந்த எண் வர வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை.

அங்கே இருக்கும் டாக்டரம்மா சின்ன வயது, கடப்பா பக்கம். தெலுங்குதான் பேசுவார். எங்களுக்குத் தெலுங்கு தெரியும் என்றாலும், எங்களைப் பார்த்தால் பிடிவாதமாகத் தமிழில் பேசிப் பழகுவார். அவர்தான் ஒரு இயந்திரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஆம்புலேட்டரி பிபி (அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இருபத்து நாலு மணி நேரமும் ரத்த அழுத்தத்தை அளந்து பதிவு செய்யும் முறை) என்று பெயர். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், மேல் கையில் ஒரு பட்டி. பகலில் அரை மணிக்கு ஒரு முறை, தூங்கும்போது ஒரு மணிக்கு ஒரு முறை தானாகவே இறுக்கி அளக்கும்.

சிலருக்கு வெள்ளைக் கோட்டு அழுத்தம் (டாக்டரையும் ஆஸ்பத்திரியையும் பார்த்த பதற்றத்தில் மட்டும் ஏறுவது) இருக்கும். திருப்பதியில் வந்தது அதுதானா என்று இந்தப் பெட்டி சொல்லிவிடும் என்றார்.

"ரோஜூ, தினம் எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க. பட்டி டைட் ஆகிறப்போ மட்டும் கை ஆட்டக்கூடாது. அந்த டைம்ல என்ன பண்றீங்கன்னு இந்தப் பேப்பர்ல எழுதுங்க. சரேனா?"

சரி என்று தலையாட்டினோம். அவர் சொன்னதில் எங்கள் மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். கை ஆட்டக்கூடாது.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் கை கால் உடைந்தால் புத்தூருக்குத்தான் போவோம். மருந்து பூசிக் கட்டுப் போட்டு அனுப்புவார்கள். கட்டுப் போட்ட கையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆட்டக்கூடாது, நனைக்கக்கூடாது, வேலை செய்யக்கூடாது, வாய்க்கும் பத்தியம். எட்டு வருடத்துக்கு முன் இதே இடது கை முறிந்து நானும் புத்தூர்க் கட்டோடு ஒன்றரை மாதம் உட்கார்ந்தவன். இப்போது அதே கையில் டாக்டரம்மா ஒரு பட்டியைச் சுற்றிவிட்டு ஆட்டாதே என்கிறார். என்ன செய்வோம்?

நேராக நான் தறி ஓட்டும் பவர்லூம் ஷெட்டுக்குப் போனேன். எனக்கு நாலு தறி. பக்கத்து நாலு தறியைப் பார்க்கும் தேவராஜ் அண்ணன் என் கையைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

"கட்டுப் போட்ட கையோட தறிகிட்ட இன்னாடா வேல? ஊட்ல போயி குந்து. உன் தறிய நான் பாத்துக்கிறேன்."

வீட்டில் கஸ்தூரி தலையணையை எடுத்துப் போட்டு என் கையை அதன் மேல் வைத்தாள். புளி வேண்டாம், கத்தரிக்காய் வேண்டாம் என்று பருப்புச் சோறு பிசைந்து வந்தாள். வலது கை சும்மாதானே இருக்கிறது என்றால் கேட்கவில்லை. வாரம் இரண்டு நாள் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அவள் கையால் எனக்கு ஊட்டிவிட்டாள். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "எங்க உழுந்தாரு?" என்று விசாரித்துவிட்டுப் போனார். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். தறிச் சத்தம் இல்லாமல் பகலில் அப்படித் தூங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. டாக்டரம்மா கொடுத்த பேப்பரில் ஒன்றும் எழுதவில்லை. எழுதுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை.

மறுநாள் பெட்டியைக் கணினியில் செருகிப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "பர்வாலேதே! ரொம்ப நல்லா இருக்கு. ஒன் சிக்ஸ்டீன் பை செவன்ட்டி ஃபோர் ஆவரேஜ். திருப்பதிக்கு லெட்டர் எழுதித் தர்றேன்." பேனாவை எடுத்தார்.

நேற்று நான் வாழ்ந்தது என்னுடைய நாளே இல்லை என்று எனக்கு அப்போதே உறைத்துவிட்டது. சொல்லிவிடலாமா? சொன்னால் கடிதம் நின்றுவிடும், அவளுக்குச் சிறுநீரகம் தள்ளிப்போகும். சொல்லாவிட்டால், பிற்பாடு என் கதை என்ன ஆகும் என்று தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், நான் சொன்னால் அது நேர்மையால் சொன்னதா, தப்பித்துக்கொள்ளச் சொன்னதா என்று எனக்கே தெரியாது. பேனா நகர்ந்துகொண்டிருந்தது.

கஸ்தூரிதான் பேசினாள்.

"டாக்டரம்மா, அவரு நேத்து பூரா கைய தலகாணி மேல வெச்சிக்கினு குந்திக்கினு இருந்தாரு. ஒரு அறுந்த நூலுகூட முடி போடல. சோறுகூட நான்தான் ஊட்னேன். இது அவரு நாளு இல்ல."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "ஏன் ஊட்டினீங்க?"

"கட்டுப் போட்ட கையாச்சே."

அங்கிருந்த நர்ஸ் புத்தூர்க்காரர். அவர் சிரித்துவிட்டு, விஷயத்தைத் தெலுங்கில் எடுத்துச் சொன்னார். டாக்டரம்மாவும் சிரித்தார், பிறகு எழுதிய கடிதத்தைக் கிழித்தார். "இது கட்டு இல்லம்மா, அளக்குற பட்டி. அடுத்த வாரம் மறுபடி போடலாம். இந்தத் தடவை தறிக்குப் போகணும். எல்லாம் எழுதணும்."

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன்ன யாரு கேட்டா? லெட்டர் கைக்கு வர்ற நேரத்துல."

அவள் என் அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே என்னை மாமா என்பாள், ஆனால் மரியாதை எல்லாம் கிடையாது. "இப்ப ஒரு ஆளு மெஷின்ல படுத்துக்கினு இருக்கேன். நாளைக்கு நீயும் படுத்துக்கினா, யார யாரு பஸ்ல இட்டுக்கினு போறது மாமா?" என்றாள். எனக்காகச் சொன்னாளா, என் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துச் சொன்னாளா என்று கேட்கத் தைரியம் இல்லை.

இரண்டாவது முறை ஒழுங்காக என் நாளை வாழ்ந்தேன். ஏழு மணிக்குத் தறி. நாலு தறியும் ஓடும்போது பட்டி இறுகினால், அரை நிமிடத்துக்கு மேல் கையைத் தொங்கவிட்டுப் பொம்மை மாதிரி நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பாவு நூல் அறும். தேவராஜ் அண்ணன் ஓடி வந்து முடி போடுவார், கூடவே இரண்டு திட்டும் விடுவார். எல்லாவற்றையும் எழுதினேன். ஏழரை, நூல் அறுந்தது. எட்டு, டீ. ஒன்பது, அண்ணன் திட்டினார். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் நடந்ததையும் எழுதினேன்.

மறுநாள் டாக்டரம்மா சிரிக்கவில்லை. பகல் சராசரி நூற்று நாற்பத்து ஆறுக்குத் தொண்ணூற்று இரண்டு. இதற்கு மறைந்த அழுத்தம் (டாக்டரின் அறையில் சரியாக இருந்து, அன்றாட வாழ்வில் மட்டும் ஏறி நிற்பது) என்று பெயராம். சுகாதார நிலையத்தில் மின்விசிறிக்குக் கீழே அமைதியாக உட்கார்ந்து அளந்தால் எப்படித் தெரியும் என்றார். அப்படியானால் திருப்பதியில் ஆஸ்பத்திரியிலேயே ஏறியதே என்று கேட்டேன். "அது எனக்கும் சரியா தெரியல" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த டாக்டர் மேல் எனக்கு மரியாதை கூடியது. குழப்பம் மட்டும் குறையவில்லை.

தறி முன்னால் நின்ற நேரமெல்லாம் நூற்று நாற்பதுகளில் இருந்தது. கணினி காட்டிய பட்டியலில் ஒரே ஒரு வரிசை மட்டும் தனியாக உயர்ந்திருந்தது. நூற்று எழுபத்து இரண்டுக்கு நூற்று நாலு. டாக்டரம்மா அதன் மேல் விரலை வைத்தார். "ஈவினிங் ஃபோர் தர்ட்டி. அப்ப என்ன பண்ணீங்க? தமிழ் எனக்குப் படிக்க வராது, நீங்க படிங்க."

பேப்பரை வாங்கினேன். கஸ்தூரி பக்கத்தில் இருந்தாள். படிக்காமல் தப்பிக்க வழி இல்லை.

"மாலை நாலரை. கஸ்தூரி தண்ணீர் கேட்டாள். இல்லை என்றேன்."

அன்று பாட்டிலில் இரவு மாத்திரைக்கான தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. அவள் ஒரு முறைதான் கேட்டாள். நான் இல்லை என்றதும் சரி என்று திரும்பிப் படுத்தாள். வேறு எதுவும் நடக்கவில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து முறை எங்கள் வீட்டில் நடப்பதுதான். ஆனால் தறியில் நூல் அறுந்தாலும் அண்ணன் திட்டினாலும் ஏறாதது, அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் ஏறியிருக்கிறது.

கொடுக்கப் பயந்தவன் நான். அது பொய் இல்லை. இந்த வரிசையும் பொய் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கின்றன என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. கஸ்தூரி அன்று பஸ் ஸ்டாண்டு தாண்டும்வரை என் இடது கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் தெருவில் அவள் அப்படிச் செய்ததில்லை.

தினமும் ஒரு மாத்திரை, சாப்பாட்டில் உப்பு பாதி, மூன்று மாதம் கழித்து மறுபடி பட்டி. திருப்பதி டாக்டர்கள் சொன்னது இதுதான். ஒரே மாத்திரையில் அழுத்தம் அடங்கி, மற்றச் சோதனைகளும் சரியாக இருந்தால், நான் கொடுக்கலாமா என்று எல்லோரும் கூடி முடிவு செய்வார்கள். அடங்காவிட்டால் கிடையாது. காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பட்டியை உங்கள் கையில் கட்டினால், தயவுசெய்து பத்தியம் இருக்காதீர்கள். சண்டை போடுகிறவர்கள் சண்டை போடுங்கள், மூட்டை தூக்குகிறவர்கள் தூக்குங்கள். இறுகும்போது மட்டும் கையை அசைக்காமல் வைத்தால் போதும். பேப்பரில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், அதை யார் முன்னால் படிக்க நேரும் என்று யோசிக்காமல் எழுதுங்கள்.

எனக்கு அந்தப் பட்டி கழற்றிய பிறகும் கழலவில்லை. அரை மணிக்கு ஒரு முறை இடது கை தானாகத் தொங்கி நிற்கிறது. காலை, மாலை என்பதெல்லாம் போய், நாள் எனக்கு அரை அரை மணியாக வருகிறது. கையில் ரத்தம் ஓடுகிறது என்று நாற்பத்தொன்பது வயதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது அவள் பாட்டிலைப் பார்த்தாலே அது எனக்குத் தெரிகிறது.

மூன்று மாதம் முடிந்து, இன்று மூன்றாவது முறை கட்டியிருக்கிறார்கள். தறியிலிருந்து வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தைக் கொஞ்சம் முன்புதான் கவனித்தேன். காலையிலிருந்து கஸ்தூரி என்னிடம் தண்ணீரே கேட்கவில்லை. உதடு வெடித்திருக்கிறது. பாட்டில் இருக்கும் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"தாகமா இல்லியா?" என்றேன்.

"இருக்குது. நான் கேட்டா உனக்கு ஏறும். இன்னிக்கி ஒரு நாளு கேக்காம இருக்கேன், உடு."

அவள் கேட்காமல் இருந்தால் எண் நன்றாக வரும். எண் நன்றாக வந்தால் அவளுக்குச் சிறுநீரகம் வரும். என் வாய்க்குள் வந்த பதிலை ஒரு முறை விழுங்கினேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"கேளு கஸ்தூரி. நீ கேக்கலன்னா இது என் நாளு இல்ல."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை ஆக ஒரு நிமிடம் இருந்தது. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டி முனகியது, பட்டி இறுக ஆரம்பித்தது.

"கைய நீட்டி வை மாமா. ஆட்டாத," என்றாள். "எனக்கு ஒரு வாய் தண்ணி குடு."

காற்று முழுதும் இறங்கும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. எந்த எண் விழுந்தது என்று தெரியாது. திரையில் காட்டாதபடி வைத்திருக்கிறார்கள், நாளைக் காலையில்தான் தெரியும். பாட்டிலில் இரண்டு வாய் இருந்தது. இரவு மாத்திரைக்கு ஒரு வாய் போதும்.

எழுந்து போய் வந்து, பேப்பரில் எழுதினேன்.

மாலை நாலரை. கஸ்தூரி தண்ணீர் கேட்டாள். ஒரு வாய் கொடுத்தேன்.